பங்காளி ஜெயித்தால் நாம் ஏன் மீசை முறுக்குகிறோம்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் கான்ஃபரன்ஸ் சண்டை

2020 ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை இரவு. டென்னசியில் நான் குடியிருந்த அபார்ட்மெண்ட்டின் பக்கத்து வீட்டுக்காரர், மேட்ச் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தார். போனால் மனிதர் ஆரஞ்சுச் சட்டை, ஆரஞ்சுத் தொப்பி சகிதம் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டு நாயின் கழுத்துப்பட்டைகூட ஆரஞ்சு. டென்னசி பல்கலைக்கழக அணியின் நிறம் அது. ஆனால் டிவியில் ஓடியது டென்னசி மேட்ச் இல்லை. லூசியானாவின் எல்.எஸ்.யூ.வும் தென் கரோலினாவின் கிளெம்சனும் தேசியப் பட்டத்துக்கு மோதிக்கொண்டிருந்தன. எல்.எஸ்.யூ. 42-25 என்று ஜெயித்ததும் இவர் சோபாவை விட்டு எழுந்து, "எஸ்! இ! சி!" என்று கை தட்டித் தட்டிக் கத்துகிறார்.

அக்டோபர் முழுக்க அதே எல்.எஸ்.யூ.வை வாயில் வந்தபடி திட்டியவர் அவர். "உங்கள் டீம் இல்லையே, நீங்கள் எதற்குக் குதிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "எங்கள் கான்ஃபரன்ஸ்" என்றார், இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்பதுபோல. எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒற்றைச் சொல் புரிய இரண்டு மூன்று சீசன் ஆகிவிட்டது. புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு அந்தக் காலத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஃபுட்பால் என்றால் நம்முடைய கால்பந்து இல்லை என்பது தெரிந்ததுதான். இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஓடுபவனை இடித்துத் தள்ளுவார்கள். கல்லூரி அளவில் மேல்தட்டில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் உண்டு. பெரிய மேட்சுக்கு ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர்கூடச் சேர்வார்கள். ஆனால் உடம்போடு உடம்பு மோதும் ஆட்டம் என்பதால் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் தாங்காது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிவரை ஓர் அணிக்கு 12 மேட்ச், அவ்வளவுதான்.

கணக்கு இடிப்பது இங்கேதான். 130 அணி, ஆளுக்கு 12 மேட்ச். எல்லாரும் எல்லாரோடும் ஆட வழியே இல்லை. அதனால் பல்கலைக்கழகங்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொண்டு, பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கின்றன. அந்தக் கூட்டத்துக்குப் பெயர்தான் கான்ஃபரன்ஸ். தெற்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. 1932-இல் பிறந்தது. அலபாமா, ஜார்ஜியா, டென்னசி, எல்.எஸ்.யூ. எல்லாம் அதில். மிச்சிகன், ஒஹையோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் அதைவிட மூத்தது, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. அப்புறம் ஏ.சி.சி., பிக் 12. இந்த நான்கும்தான் இப்போது பெரிய தலைகள். இவற்றுக்குக் கீழே சின்ன கான்ஃபரன்ஸ்கள் சில. நோட்டர் டேம் போல ஒன்றிரண்டு அணி மட்டும் யாரோடும் சேராமல் தனிக்குடித்தனம்.

பெயர்களை நம்பி ஏமாற வேண்டாம். பிக் டென்னில் இப்போது 18 அணிகள். பிக் 12-இல் 16. ஏ.சி.சி. என்பதன் விரிவு அட்லாண்டிக் கடற்கரை கான்ஃபரன்ஸ், ஆனால் 2024 முதல் அதில் பசிபிக் ஓரத்து ஸ்டான்ஃபோர்டும் உண்டு. மேற்குக் கரையின் பழம்பெரும் பேக்-12 அந்த வருடம் உடைந்து, மிஞ்சியது இரண்டே அணி. டிவி ஒப்பந்தப் பணம் செய்த வேலை இது. கூட்டுக்குடும்பம் சொத்துத் தகராறில் பிரிந்த கதைதான்.

ஊர்ப்பக்கம் பங்காளி என்கிறோமே, ஒரே கான்ஃபரன்ஸுக்குள் இருக்கும் அணிகளின் உறவு அப்படிப்பட்டது. வரப்புத் தகராறில் வருடம் முழுக்கப் பேச்சுவார்த்தை இருக்காது. வெளியூர்க்காரன் ஒருவன் வந்து கை வைத்தால் மட்டும் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

இதில் வெறும் பாசம் மட்டும் இல்லை, ஒரு கணக்கும் இருக்கிறது. கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஒவ்வொரு மேட்சிலும் ஒருவர் ஜெயிக்கிறார், ஒருவர் தோற்கிறார். ஆகவே 16 அணியும் அற்புதமாக ஆடினாலும் சரி, 16 அணியும் கேவலமாக ஆடினாலும் சரி, உள்ளுக்குள் நடந்த மேட்சுகளின் மொத்தக் கணக்கு பாதி வெற்றி, பாதி தோல்விதான். ஜார்ஜியா டென்னசியை அடித்தது என்றால் ஜார்ஜியா பலமா, டென்னசி சோதாவா? உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. எந்த கான்ஃபரன்ஸ் பெரியது என்று தெரிய வேண்டுமானால் அது வெளியாட்களோடு மோத வேண்டும். அந்த மேட்சுகளோ சொற்பம். பிக் டென் அணிகள் 12-இல் 9 மேட்சை உள்ளுக்குள்ளேயே ஆடிவிடும். எஸ்.இ.சி. 2025 வரை 8 ஆடியது, 2026-இலிருந்து அதுவும் 9. மிச்சம் இருக்கும் மூன்று நான்கிலும் ஒன்றிரண்டு, சின்னக் கல்லூரியைப் பணம் கொடுத்து வரவழைத்து 56-3 என்று சாத்தி அனுப்பும் மேட்ச். அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

ஆக, "நாங்களா, நீங்களா" என்ற கேள்விக்குப் பதில் தேட மிஞ்சுவது டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான். அப்போதுதான் பௌல் மேட்சுகள்.

பௌல் என்றதும் கிரிக்கெட் பந்துவீச்சு ஞாபகம் வரும், இது வேறு. கிண்ணம்போலச் சரிந்து இறங்கும் ஸ்டேடியத்தை பௌல் என்றார்கள். கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1920-களின் தொடக்கத்தில் கட்டிய ஸ்டேடியத்துக்கு ரோஸ் பௌல் என்று பெயர். ஸ்டேடியத்தின் பெயர் மேட்சுக்கு ஒட்டி, பிறகு சீசன் முடிந்து நடக்கும் கௌரவ மேட்சுகளுக்கெல்லாம் பொதுப் பெயராகிவிட்டது. பாசடீனாவில் அந்த மேட்ச் அதற்கு முன்பே உண்டு. ரோஜாப்பூ ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர்ப்பதற்காக 1902 புத்தாண்டு அன்று கிழக்கிலிருந்து மிச்சிகனையும் மேற்கிலிருந்து ஸ்டான்ஃபோர்டையும் மோதவிட்டார்கள். மிச்சிகன் 49-0. ஸ்டான்ஃபோர்ட் நேரம் முடியும் முன்பே போதும் சாமி என்று நிறுத்திக்கொண்டது. இந்த ஒருதலை ஆட்டத்தைப் பார்த்து வெறுத்துப்போன ஏற்பாட்டாளர்கள் பல வருடம் ஃபுட்பாலையே விட்டுவிட்டு ரதப் போட்டியெல்லாம் நடத்தினார்கள். 1916-இல்தான் மறுபடி ஃபுட்பாலுக்கு வந்தார்கள்.

கவனித்தீர்களா, முதல் நாளிலிருந்தே அது கிழக்கா மேற்கா என்ற கேள்விதான். ஊருக்கு ஊர் போட்டி என்பதைத் தாண்டி, ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் போட்டி. இந்த உணர்வு எங்கே ஆழமாக வேர் பிடித்தது என்று கேட்டால் நான் 1926 புத்தாண்டைத்தான் சொல்வேன். அதுவரை தெற்கு மாநில அணிகளை யாரும் பெரிதாக மதித்ததில்லை. அந்த வருடம் அலபாமா ரயிலேறி பாசடீனா போனது. எதிரில் வாஷிங்டன். பாதி ஆட்டத்தில் வாஷிங்டன் 12-0 என்று முன்னால். மூன்றாவது கால்பகுதியில் அலபாமா 20 புள்ளி எடுத்தது, கடைசியில் 20-19 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. அதில் புள்ளி தரும் டச்டவுன் பந்து இரண்டைப் பிடித்த ஜானி மேக் பிரவுன் பிற்பாடு ஹாலிவுட்டில் கௌபாய் பட நாயகன் ஆனார் என்பது ஒரு கிளைக்கதை. திரும்பி வரும் வழியில் தெற்கு ஊர்களின் ஸ்டேஷன்களில் மக்கள் கூடி நின்று வரவேற்றார்கள், அலபாமா மாநிலத்துக்காரர்கள் மட்டும் இல்லை. உள்நாட்டுப் போரில் தோற்று, ஏழ்மையில் கிடந்து, மற்றவர்களின் ஏளனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பகுதிக்கு அந்த ஒரு புள்ளி எவ்வளவு பெரிது என்று யோசித்துப் பாருங்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எழுந்ததற்கு விதை போட்டது அந்த ரயில்தான் என்பது என் எண்ணம்.

இப்போது பௌல் மேட்சுகள் நாற்பதைத் தொட்டுவிட்டன. 12-இல் 6 ஜெயித்தால் ஓர் அணிக்குத் தகுதி. பாதிக்குப் பாதி போதும் என்பதால் சுமாரான அணிக்கும் எங்காவது ஓர் இடம் கிடைத்துவிடும். ஸ்பான்சர்களும் அதற்கேற்றபடி. மயோனைஸ் கம்பெனி நடத்தும் பௌலில் ஜெயித்த கோச்சின் தலையில் வாளி நிறைய மயோனைஸைக் கொட்டுவார்கள். பாப்-டார்ட்ஸ் என்ற பலகாரத்தின் பெயரில் நடக்கும் பௌலில் பொம்மை வேஷத்தில் ஆடிய பலகாரத்தையே ஜெயித்த அணி பிய்த்துத் தின்னும். சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த மேட்சுகளின் முடிவையும் சேர்த்துத்தான் "எங்கள் கான்ஃபரன்ஸ் இந்த வருடம் 8-3" என்று மார் தட்டுவார்கள். யார் வெற்றி விகிதம் அதிகம் என்று பார்த்து ஈ.எஸ்.பி.என். ஒரு கோப்பையே கொடுத்துவந்தது. மவுண்டன் வெஸ்ட் என்ற சின்ன கான்ஃபரன்ஸ் அதை ஒருமுறைக்கு மேல் தட்டிக்கொண்டு போயிருக்கிறது.

சின்ன கான்ஃபரன்ஸ் எப்படி ஜெயித்தது? இந்தக் கணக்கு எவ்வளவு கோணலானது என்று அதில்தான் தெரியும்.

பௌல் மேட்சுகளுக்கு ஆள் சேர்ப்பது சீட்டுக் குலுக்கி இல்லை. இந்த கான்ஃபரன்ஸின் இரண்டாம் இடத்துக்காரர், அந்த கான்ஃபரன்ஸின் மூன்றாம் இடத்துக்காரர் என்று கிட்டத்தட்ட முன்கூட்டியே ஒப்பந்தம் இருக்கும். இப்போது ஒரு கான்ஃபரன்ஸ் அபாரமாக ஆடி, அதன் முதல் நான்கு அணிகள் தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபுக்குப் போய்விட்டன என்று வையுங்கள். மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் படியில் மேலே ஏற்றப்படுவார்கள். ஆறாவது இடத்துக்காரர், எதிர் கான்ஃபரன்ஸின் இரண்டாவது இடத்துக்காரரோடு மோத நேரும். பந்தியில் முதல் வரிசை எழுந்து போனதும் பின்னால் நின்ற பொடியன்களை அங்கே உட்கார வைத்த மாதிரி. ஆக, நன்றாக ஆடியதற்குக் கிடைக்கும் பரிசு பௌல் கணக்கில் உதை வாங்குவது. ஒரு அணியைக்கூட பிளேஆஃபுக்கு அனுப்பாத கான்ஃபரன்ஸ் தன் முதல் ஆளையே ஒரு நடுத்தர எதிரியோடு மோதவிட்டு 4-1 என்று நிமிர்ந்து நடக்கும்.

இன்னொன்று, இடம். பௌல் மேட்சுகள் பெரும்பாலும் ஃபுளோரிடா, டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற வெயில் பிரதேசங்களில். குளிர் தாங்காத சுற்றுலாப் பயணிகளை இழுக்கத்தானே அவை பிறந்தன. மிச்சிகன்காரனும் விஸ்கான்சின்காரனும் எப்போது பார்த்தாலும் எதிரியின் கொல்லைப்புறத்தில் போய் ஆட வேண்டியிருக்கிறது என்பது பிக் டென் ரசிகர்களின் நெடுநாள் புலம்பல். ஜனவரியில் எங்கள் ஊர்ப் பனியில் வந்து ஆடிப் பாருங்கள் என்பார்கள். 2024 டிசம்பரில் அது நடந்தது. பிளேஆஃபின் முதல் சுற்று அந்தந்தக் கல்லூரி மைதானங்களிலேயே நடக்கும் என்று விதி மாறியிருந்தது. டென்னசி, கொலம்பஸில் ஒஹையோ ஸ்டேட்டை எதிர்கொண்டது. என் பக்கத்து வீட்டு நண்பர் உறையும் குளிரில் காரை ஓட்டிக்கொண்டு போனார். 42-17 என்று உதை வாங்கிக்கொண்டு திரும்பினார். "குளிர்தான் காரணமா?" என்று கேட்டேன். "குளிர் இல்லை, அவர்கள் தடுப்பு வரிசை" என்றார். நேர்மையான மனிதர்.

மூன்றாவது கோணல்தான் இப்போது பெரியது. ஆடவே வராத ஆட்டக்காரர்கள். சில மாதத்தில் தொழில்முறை லீக்கில் கோடிகளுக்குக் கையெழுத்துப் போடப்போகும் பையன், பட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு மேட்சில் முழங்காலை உடைத்துக்கொள்ள ஏன் வர வேண்டும்? 2016 சீசனில் லெனார்ட் ஃபோர்னெட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருவரும் பௌலுக்கு வரவில்லை என்றபோது ஊரே அடித்துக்கொண்டது. இப்போது அது சகஜம். வேறு கல்லூரிக்குத் தாவுபவர்களும் டிசம்பரிலேயே மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு 2023-ஐ விடச் சிறந்த உதாரணம் கிடையாது. அப்போது பிளேஆஃபில் நான்கே இடம். 13 பேர் கொண்ட தேர்வுக் குழு ஒன்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். ஃபுளோரிடா ஸ்டேட் 13 மேட்ச் ஆடி 13-உம் ஜெயித்து ஏ.சி.சி. சாம்பியன். எஸ்.இ.சி. சாம்பியன் அலபாமா ஒரு மேட்ச் தோற்றிருந்தது. குழு அலபாமாவை எடுத்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காலை உடைத்துக்கொண்டதால் அந்த அணி பழைய அணி இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிளேஆஃப் முறை வந்த பிறகு பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றின் தோற்காத சாம்பியனை வெளியே நிறுத்தியது அதுவே முதல் முறை. ஏ.சி.சி. கொதித்தது. பிறகு ஆரஞ்சு பௌலில் அதே அணி எஸ்.இ.சி.யின் ஜார்ஜியாவைச் சந்தித்தது. ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. "பார்த்தீர்களா, குழு சொன்னது சரிதானே!" என்றார்கள் தெற்கத்திக்காரர்கள். ஆனால் அன்று களத்தில் நின்றது யார்? மனம் நொந்த ஃபுளோரிடா ஸ்டேட் ஆட்டக்காரர்கள் இருபது பேருக்கு மேல் வரவேயில்லை. அந்த 63-3 எதையும் நிரூபிக்கவில்லை என்பது என் கட்சி. எஸ்.இ.சி.யின் வெற்றிக் கணக்கில் மட்டும் அது ஒன்று என்று ஏறிவிட்டது.

சரி, இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார்கள்? ஏனென்றால் இந்தப் பெருமைதான் அடுத்த வருடம் தேர்வுக் குழு மேஜைக்கு வருகிறது. நேரடியாக மோதாத இரண்டு அணிகளில் யார் மேல் என்று முடிவு செய்ய அந்த 13 பேருக்கு வேறு என்ன அளவுகோல் இருக்கிறது? "எஸ்.இ.சி.யில் மூன்று தோல்வி என்றால் வேறு இடத்தில் ஒரு தோல்விக்குச் சமம்" என்ற பேச்சை டிவியில் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள்தானே அவர்களும்.

அப்புறம் பணம். பிளேஆஃப் 2024-இல் 12 அணிகளாக விரிந்தது. 2024, 2025 சீசன்களில் உயர்ந்த தரவரிசையுள்ள ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நிச்சய இடம் இருந்தது. மிச்சம் ஏழு இடத்துக்குத்தான் அடிதடி. ஓர் அணி உள்ளே வந்தால் அதன் கான்ஃபரன்ஸுக்கு 40 லட்சம் டாலர். காலிறுதிக்குப் போனால் இன்னொரு 40 லட்சம், அரையிறுதிக்கு 60 லட்சம், இறுதிக்கு 60 லட்சம் என்று அந்த வருடத்துக் கணக்கு. பணம் போய்ச் சேருவது கான்ஃபரன்ஸ் கணக்கில். அதை எப்படிப் பிரிப்பது என்று கான்ஃபரன்ஸ்தான் தீர்மானிக்கும், பங்காளிகளுக்கும் பங்கு உண்டு. அதாவது எல்.எஸ்.யூ. ஜெயித்தால் டென்னசியின் உண்டியலிலும் காசு விழும். நண்பரின் குரலில் அந்தக் காசின் சத்தமும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது வேறு.

எல்லாப் பங்காளியும் அப்படி இல்லை. அலபாமா ரசிகர் ஒருவரிடம் போய் ஆபர்னுக்காகக் கை தட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே மாநிலம், ஒரே கான்ஃபரன்ஸ். 2010 சீசனில் ஆபர்ன் தேசிய சாம்பியன் ஆனபோது எத்தனையோ அலபாமா வீடுகளில் துக்கம் விழுந்த மாதிரி டிவியை அணைத்துவிட்டார்களாம். கான்ஃபரன்ஸ் பாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

அந்த ஆபர்ன் பட்டமும் ஒரு வரிசையில் வந்தது. 2006 முதல் 2012 வரை ஏழு சீசன், ஏழு பட்டம், ஏழும் எஸ்.இ.சி.க்கு. 2011-இல் இறுதி மேட்சே அலபாமாவுக்கும் எல்.எஸ்.யூ.வுக்கும். அவை நவம்பரில் ஏற்கெனவே மோதி, எல்.எஸ்.யூ. 9-6 என்று ஜெயித்திருந்தது. ஜனவரியில் அலபாமா 21-0 என்று பழி வாங்கியது. நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டே அணியைத் தேர்ந்தெடுத்து இறுதி மேட்ச் நடத்தும் பழைய முறை சீக்கிரம் செத்துப் போனதற்கு அந்த மேட்சும் ஒரு காரணம். 2014 சீசனில் நான்கு அணி பிளேஆஃப் வந்தது.

காற்று இப்போது மாறியிருக்கிறது. 2023 சீசனில் மிச்சிகன், 2024-இல் ஒஹையோ ஸ்டேட், 2025-இல் யாருமே கனவில்கூட எதிர்பார்க்காத இண்டியானா. மூன்றும் பிக் டென். கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று 2021-இல் கதவு திறந்ததும், அணி மாறுவது சுலபமானதும் திறமையை நாடு முழுக்கப் பரப்பிவிட்டன என்பார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. 2025-இல் 12 இடத்தில் ஐந்து எஸ்.இ.சி.க்குக் கிடைத்தது. அந்த ஐந்தும் சேர்ந்து பிளேஆஃபில் வீழ்த்திய வெளியாள் யார் என்று பார்த்தால், டுலேன் ஒன்றுதான். மற்ற வெற்றிகளெல்லாம் பங்காளிகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டது. இண்டியானாவிடம் அலபாமா 38-3 என்று போனது.

இறுதி மேட்ச் முடிந்த மறுநாள் காலை நண்பருக்கு மெசேஜ் போட்டேன்: "மூன்று வருடமாக பிக் டென். என்ன சொல்கிறீர்கள்?" மத்தியானம்தான் பதில் வந்தது. "ஐந்து அணி உள்ளே போச்சே, வேறு யாருக்குப் போச்சு?"

அந்த ஐந்தில் டென்னசி இல்லை.